கொலோனாஸ்கோபியும் சிறுகுடலின் கடைப்பகுதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய நெகிழ்குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோபி பரிசோதனையின் அறிக்கை இயல்பாக வந்துவிட்டால் குடல் முழுவதும் பார்த்தாயிற்று என்று எண்ணிவிடுவது பலரும் செய்யும் தவறு. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில், பெருங்குடலோடு சேரும் கடைசிச் சில சென்டிமீட்டர்களை மட்டுமே அந்தக் கருவி எட்டும். அதுவும் இடையிலுள்ள வால்வைத் தாண்டி மருத்துவர் அதைச் செலுத்தினால்தான்.

அந்தச் சிறு பகுதியைப் பொருட்படுத்தாமல் திரும்பிவிடுவது அடுத்த தவறு. குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயும் குடல் காசநோயும் பெரிதும் விரும்பித் தங்கும் இடம் அதுவே; பெருங்குடல் பழுதின்றி இருக்க, புண்கள் அங்கு மட்டும் இருப்பதும் உண்டு. ஆகவே நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வலப்பக்க அடிவயிற்று வலி, காரணம் புலப்படாத எடைக்குறைவு அல்லது இரத்தசோகை உள்ளவர்களுக்கு அதைப் பார்க்காமல் விடுவதை, என் கருத்தில், அரைகுறைப் பரிசோதனை என்றே சொல்ல வேண்டும். கருவி அங்கே நுழைந்ததும், பெருங்குடலின் வழவழப்பான சுவர் முடிந்து, உள்ளே செலுத்திய நீரில் சிறுகுடலின் உட்சுவரிலுள்ள விரல்போன்ற நுண்நீட்சிகளான குடலுறிஞ்சிகள் வெல்வெட் துணியின் இழைகளைப்போல அசைவது திரையில் தெரியும். கருவி பெருங்குடல் முழுவதையும் கடந்தது என்பதற்கு அந்தப் படமே வலுவான சான்று.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அறிகுறி எதுவுமின்றிப் புற்றுநோய் முன்னறிதலுக்காக மட்டும் வருபவர்களிடம் அங்கே நோய் அகப்படுவது அரிது. வால்வு எளிதில் வழிவிடாதபோது நெடுநேரம் போராடுவதைவிட, கருவியை வெளியே எடுக்கும்போது பெருங்குடலை நிதானமாகப் பார்ப்பதே அவர்களுக்கு அதிகப் பயன் தரும். இயல்பாகத் தோன்றும் இடத்தில் பரிசோதனைக்காக வெறுமனே திசு எடுப்பதாலும் பெரும்பாலும் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

சிறு புண் தென்பட்டவுடன் குரோன் என்று முடிவுகட்டுவது இன்னும் ஆபத்தானது. ஐபுப்ரூஃபென், டைக்குளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் அத்தகைய புண்களை உண்டாக்கும் என்பதால், கடையில் தானாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளையும் நோயாளி மறைக்காமல் சொல்ல வேண்டும். இளவயதினரிடம் காணும் சிறு நிணநீர் முடிச்சுகள் பெரும்பாலும் இயல்பானவையே. காசநோயா குரோனா என்ற ஐயம் இருக்கும்போது, திசுப் பரிசோதனை முடிவு வருமுன் குரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் காசநோய் தீவிரமடையக்கூடும்.

கடைப்பகுதி நன்றாக இருந்தும் தொல்லை நீடித்தால், சிறுகுடலின் மற்ற பகுதிகளை எம்.ஆர். ஸ்கேன் அல்லது மாத்திரை வடிவிலான சிறு கேமராவை விழுங்கச் செய்யும் கேப்சூல் எண்டோஸ்கோபி மூலம் பார்க்கலாம். குடல் சுருங்கியிருக்கும் சந்தேகம் இருந்தால் கேப்சூல் உள்ளேயே சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், ஸ்கேன்தான் முதலில்.