மலிவு டெஸ்க்டாப்புகளை ஒப்பிடுவது எப்படி? ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த 'ஐ7' (இன்டெல் பிராசஸர் வகைகளில் ஒன்று) ஸ்டிக்கரில் மயங்கி, ஒருமுறை பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் வைத்து முழு எண்ணைப் பார்த்தால் 'ஐ7-2600'. 2011-இல் வெளிவந்த பிராசஸர், அதாவது கணினியின் மூளை. 2022-இல் வந்த 'ஐ3-12100' அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வேகமானது. இத்தனைக்கும் இரண்டிலும் கோர்கள் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) நான்குதான். அதன் பிறகு கணக்குப் போடாமல் நான் கணினி வாங்கியதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: என்ன வேலை?

கணினியில் செய்யப்போகும் வேலைகளைத் தாளில் எழுதுங்கள். பிரவுசர், கடிதம், கணக்கு, வீடியோ பார்ப்பது என்றால் நான்கு கோர் பிராசஸர், 8 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) ஆகியவை குறைந்தபட்சத் தேவை. பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் 16 ஜிபி என்று எழுதிக்கொள்ளலாம். பெரிய விளையாட்டுகள்தான் நோக்கம் என்றால் பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். அது தனிக் கதை, இந்தக் கணக்கில் அடங்காது.

படி 2: முழு எண்ணைக் கேளுங்கள்

'ஐ5 கம்ப்யூட்டர்' என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. 'ஐ5-6500' 2015-இல் வந்தது, நான்கு கோர். 'ஐ5-8500' 2018-இல் வந்தது, ஆறு கோர். இன்டெல்லின் இந்த வகைப் பெயர்களில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவதுதான் தலைமுறை எண்: 6500 என்றால் 6, 12100 என்றால் 12. எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு வாங்காமல் திரையில் எதுவும் தெரியாது. 'யு' இருந்தால் அது மடிக்கணினிக்கான பிராசஸர். கையடக்கமான சிறு டெஸ்க்டாப்புகளான மினி பிசிக்களில் இதைப் பரவலாகக் காண்கிறோம். அதில் தவறில்லை, தெரிந்து வாங்கினால் சரி.

படி 3: மதிப்பெண்களை எடுங்கள்

பாஸ்மார்க், கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் ஆகியவை பிராசஸரின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் சோதனைகள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கணினிகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒரே சோதனையின் வெவ்வேறு பதிப்புகளைக்கூடக் கலக்கக் கூடாது. கீக்பெஞ்ச் 5-இல் ஒருவர் பெற்ற எண்ணை கீக்பெஞ்ச் 6-இன் எண்ணோடு ஒப்பிடுவது, கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவதைப் போன்றது.

ஒவ்வொரு பிராசஸருக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். சிங்கிள் கோர் எண், பிரவுசரும் மென்பொருள்களும் எவ்வளவு சுறுசுறுப்பாகத் திறக்கும் என்பதற்கு ஓர் அறிகுறி. மல்டி கோர் எண், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற கனமான வேலைகளுக்கு. அலுவலக வேலைக்கு வாங்குபவர்கள் முதல் எண்ணையே பெரிதாக மதிக்கலாம். கடைக்காரர்கள் காட்டுவதென்னவோ பெரும்பாலும் இரண்டாவது எண்ணை, அது பெரிதாகத் தெரியும் என்பதால்.

இந்த எண்கள் பிராசஸரைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ஒரு கோப்பைத் தேடி எடுக்க ஹார்ட் டிஸ்க்குக்குச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். எவ்வளவு நல்ல பிராசஸராக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றினால் தவழத்தான் செய்யும்.

படி 4: விலையை நிரப்புங்கள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கணினியில் 8 ஜிபி ரேம், இன்னொன்றில் 16. ஒன்றில் ஹார்ட் டிஸ்க், மற்றதில் எஸ்எஸ்டி. விலைச் சீட்டுகளை அப்படியே ஒப்பிட்டால் எப்படிச் சரிவரும்? எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஆகும் செலவை முதலில் கூட்டுங்கள்.

கற்பனையாக மூன்று கணினிகள். 'அ' விலை 100, மதிப்பெண் 8,000. 'ஆ' விலை 135, மதிப்பெண் 10,000. 'இ' பழையது, விலை 45, மதிப்பெண் 5,300. மதிப்பெண்ணை விலையால் வகுத்தால் 'அ' 80, 'ஆ' 74, 'இ' 118. பழையதுதான் கொள்ளை லாபம் போலிருக்கிறது.

இப்போது 'அ', 'இ' இரண்டுக்கும் எஸ்எஸ்டிக்கு 18, கூடுதல் ரேமுக்கு 12 சேர்ப்போம். 'ஆ'வில் இரண்டும் ஏற்கெனவே உண்டு. விலைகள் 130, 135, 75 என்று மாறுகின்றன. மறுபடி வகுத்தால் 'அ' 62, 'ஆ' 74, 'இ' 71. வரிசையே மாறிவிட்டது, கடைசியில் இருந்த 'ஆ' முதலிடத்துக்கு வந்துவிட்டது. மானிட்டர், விசைப்பலகை, விண்டோஸ் உரிமம் ஆகியவற்றில் எது இல்லையோ அதையும் இப்படியே கூட்டுங்கள்.

படி 5: வடிகட்டுங்கள்

வகுத்து வந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், படி 1-இல் எழுதிய குறைந்தபட்சத்தை எட்டாத கணினியை அடித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்தும் அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான். என் பழைய ஐ7 இந்த வாசலிலேயே நின்றுவிட்டது. அதில் லினக்ஸ் நிறுவி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

படி 6: மின்சாரம்

அந்த ஐ7-2600-க்குக் குறிப்பிடப்பட்ட வெப்ப வரம்பு (மின்செலவுக்கு ஓர் அறிகுறி) 95 வாட். 2023-இல் வந்த இன்டெல் என்100-க்கு 6 வாட். வேலைத்திறனோ ஏறத்தாழ ஒன்றுதான்! பழைய டெஸ்க்டாப் சராசரியாக 60 வாட், மினி பிசி 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் வித்தியாசம் 108 யூனிட். உங்கள் மின் கட்டணத்தால் பெருக்கி, எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்களோ அத்தனை ஆண்டுக்கும் பழையதன் விலையோடு கூட்டுங்கள். மினி பிசி வாங்கும்போது ரேமை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள், சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

படி 7: வீட்டில் சரிபார்ப்பு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயர், ரேமின் அளவு, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எந்த வகை என எல்லாம் தெரியும். பிறகு படி 3-இல் தேர்ந்தெடுத்த அதே சோதனையை மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை நல்ல எண் வந்து மூன்றாவது முறை சரிந்தால், உள்ளே சூடு தங்குகிறது என்று பொருள். விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கணினி என்றால் திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.