லிங்க்டுஇன், நௌக்ரி ப்ரொஃபைல் போடுவது எப்படி: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் புதுப் பட்டதாரிகளுக்கு

லிங்க்டுஇன், நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்களில் ஆள் எடுப்பவர் உங்கள் ப்ரொஃபைலை முதலில் படிப்பதில்லை, தேடுகிறார். தேடல் பெட்டியில் வேலையின் பெயர், இரண்டு மூன்று திறன்கள், ஊர் என்று தட்டுகிறார். அந்தச் சொற்கள் உங்களிடம் இல்லையென்றால் 85 சதவீதம் வாங்கியிருந்தாலும் நீங்கள் அந்தப் பட்டியலில் வரப்போவதில்லை. பட்டியலில் வந்தபிறகுதான் இந்த ஆள் சொல்வது நிஜமா என்று பார்ப்பார். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

முதல் வேலை மெயில் ஐடி. கல்லூரி கொடுத்த மெயிலில் கணக்குத் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் பல கல்லூரிகள் அதை மூடிவிடும், பிறகு பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கே போச்சு. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் செட்டிங்ஸில் சொந்த ஜிமெயிலைச் சேர்த்து, அதையே பிரைமரியாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் தகராறு இன்ஷியலில்தான் வரும். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் சேகர்', ரெஸ்யூமில் 'எஸ். கார்த்திக்', லிங்க்டுஇன்னில் 'கார்த்திக் கார்த்தி' என்று நான்கு விதமாக இருந்தால், வேலை உறுதியானபின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும். பட்டச் சான்றிதழில் உள்ளதை அப்படியே வையுங்கள். கடைசிப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் இன்ஷியல் எழுத்தைப் போட்டால் போதும். நௌக்ரி, ரெஸ்யூம், கிட்ஹப் (புரோகிராம்களைப் போட்டுவைக்கும் தளம்) எல்லாவற்றிலும் அதே வடிவம்தான். லிங்க்டுஇன் முகவரியின் வாலில் தானாக ஒட்டிக்கொள்ளும் எண்களை நீக்கிவிட்டு உங்கள் பெயரை வையுங்கள். அந்தப் பெயரை வேறொருவர் எடுத்திருந்தால் பெயருக்குப் பின் துறையைச் சேருங்கள். பிறந்த வருடம் வேண்டாம்.

ஊர் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. திருப்பத்தூர் என்று தட்டினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் வரலாம், மாவட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, ஊர் வேலூர் என்று மட்டும் இருந்தால் சென்னை, பெங்களூரு என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள். அதற்காக ஊரை மாற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. லிங்க்டுஇன்னில் 'ஓப்பன் டு வொர்க்' என்ற இடத்தில் விரும்பும் ஊர்களாகச் சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், பெங்களூரு எல்லாவற்றையும் சேர்க்கலாம். நௌக்ரியிலும் விரும்பும் ஊர் என்று தனிக் கட்டம் உண்டு. வேலை தேடுகிறேன் என்று காட்ட போட்டோவைச் சுற்றி வரும் பச்சை வளையத்தைப் போடுவதா வேண்டாமா என்று பலர் குழம்புகிறார்கள். வேலையில் இருப்பவர்தான் மேலாளருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும். புதுப் பட்டதாரி தாராளமாகப் போடலாம்.

போட்டோவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. பகலில் ஜன்னலைப் பார்த்து நின்று, பின்பக்கக் கேமராவில் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். தோளுக்கு மேல், வெற்றுச் சுவர், அயர்ன் பண்ணின சட்டை. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் வெட்டி எடுத்தால் பக்கத்தில் நின்றவர் தோள் தெரியும்.

லிங்க்டுஇன்னில் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைன் 220 எழுத்து வரை போகும். ஒன்றும் எழுதாவிட்டால் 'இன்ன கல்லூரியில் மாணவர்' என்று தளமே போட்டுவிடும், பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மொபைலில் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் வேலையின் பெயர் முன்னால் வர வேண்டும்: 'ஜூனியர் அக்கவுண்டன்ட் | டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எக்ஸெல் | பி.காம். 2025 | வேலூர்'. ப்ரொஃபைலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், வரிசை இதுவே. 'கடின உழைப்பாளி', 'வாய்ப்பு தேடுகிறேன்' போன்றவற்றை யாரும் தேடல் பெட்டியில் தட்டுவதில்லை.

எந்தச் சொற்களைப் போடுவது? நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் உங்களுக்குக் கைவரும் சொற்கள் மட்டும் திறன் பட்டியலுக்குப் போகட்டும். லிங்க்டுஇன்னில் நூறு திறன் வரை சேர்க்க இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள். கேள்வி கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ப்ராஜெக்ட். பி.எஸ்சி. வேதியியல் முடித்த ஒருவர் 'டேனரி கழிவுநீர் பற்றிய ஆய்வு' என்று ஒரே வரி போடுகிறார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதே தலைப்பில் வருஷா வருஷம் எத்தனையோ பேர் செய்கிறார்கள். உங்களைத் தனியாகக் காட்டுவது நீங்கள் கையால் செய்த வேலை. இப்படி எழுதிப் பாருங்கள்:

'பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உள்வரும் நீர், வெளியேறும் நீர் என 12 மாதிரிகளில் பி.எச்., டி.டி.எஸ்., குளோரைடு, சி.ஓ.டி., பி.ஓ.டி. அளந்தேன். சி.ஓ.டி.க்கு டைகுரோமேட் ரிஃப்ளக்ஸ் முறை, 150 டிகிரியில் 2 மணி நேரம். குளோரைடு குறுக்கிடாமல் இருக்க மெர்குரிக் சல்பேட் சேர்த்தேன். முடிவுகளை எக்ஸெல்லில் தொகுத்தேன்.'

சி.ஓ.டி., பி.ஓ.டி. இரண்டும் நீரில் உள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லும் அளவுகள், முதலாவது ரசாயனத்தால், இரண்டாவது நுண்ணுயிர்களால். லேப் மேலாளர் படித்துக்கொண்டே வந்து நிற்கும் இடம் அந்த மெர்குரிக் சல்பேட் வரி. தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு கழிவுநீரில் இறங்குவதால் குளோரைடு எகிறும், அது டைகுரோமேட்டைத் தின்று சி.ஓ.டி.யைக் கூட்டிக் காட்டும். இது தெரிந்தவர் நிஜமாகவே பியூரெட் பிடித்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். அடுத்த கேள்வி பி.ஓ.டி. பற்றித்தான் வரும்: பாடப்புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள், இங்கே லேபில் 27 டிகிரியில் 3 நாள், ஏன்? பதிலோடு போங்கள். மாதிரி எடுக்க அனுமதித்த நிறுவனத்தின் பெயரையும் அங்கே அளந்த எண்களையும் மட்டும் அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள்.

பி.காம்.காரர்களுக்கும் இதே கணக்கு. 'ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சி' என்று விட்டுவிடாமல், கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி.ஆர்-2பி (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் பட்டியல்) உடன் ஒப்பிட்டு விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டதையும், மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்னான 3பி தாக்கலுக்கு ஒர்க்கிங் ஷீட் போட்டதையும் எழுதுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் கிட்ஹப்பில் தன் யூசர்நேம் பெயரிலேயே எல்லாரும் பார்க்கும்படி ஒரு ரெப்பாசிட்டரி (ப்ராஜெக்ட் ஃபைல்களை வைக்கும் இடம்) திறந்து ரீட்மி என்ற அறிமுகக் குறிப்பை எழுதினால் அது ப்ரொஃபைலின் முகப்பில் தெரியும். ஆறு ரெப்பாசிட்டரி வரை மேலே குத்திவைக்கலாம். நன்றாக ஓடும் இரண்டு இருந்தால் அதுவே போதும். யூடியூபைப் பார்த்து அப்படியே அடித்த புரோகிராம் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

மொழிகள் பகுதியைக் காலியாக விடாதீர்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது, காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் அதை ஒரு திறனாகவே நினைப்பதில்லை. வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து நோயாளிகள் வந்து குவியும் வேலூரில் இந்தியோ வங்காளியோ பேசத் தெரிந்தவருக்கு மருத்துவமனை முன்வரிசை வேலையில் தனி மதிப்பு.

அரியர் இருந்தால் தேர்ச்சி பெற்ற வருடத்தை மாற்றி எழுதாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அது தெரியாமல் போகாது. அரியரை விட அந்தப் பொய்தான் வேலையைப் பறிக்கும்.

நௌக்ரியில் ரெஸ்யூமை பி.டி.எஃப்.ஆக ஏற்றும்முன் ஒரு சோதனை: முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பி வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ தளத்தின் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்த அலங்கார டெம்ப்ளேட்டும், ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்த தாளும் இங்கேதான் தோற்கின்றன. ரெஸ்யூமில் ஆதார் எண், மதம், சாதி எதுவும் வேண்டாம். அண்மையில் யார் தளத்துக்கு வந்து போனார்கள் என்றும் ஆள் எடுப்பவர் நௌக்ரியில் வடிகட்ட முடியும், அதனால் வாரம் ஒருமுறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள்.

லிங்க்டுஇன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து 'அலும்னை' பகுதிக்குப் போனால், சீனியர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில கனெக்ட் அழைப்புகளோடு மட்டுமே குறிப்பு எழுதி அனுப்ப முடியும், அதைச் சரியான ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'அண்ணா, வேலை இருந்தா சொல்லுங்க' என்றால் பதில் வராது. 'நம்ம டிபார்ட்மெண்ட், 2025 பேட்ச். உங்க டீம்ல ஃப்ரெஷரா வர எஸ்.க்யூ.எல். எந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கணும் அண்ணா?' என்றால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியும், அதனால் சொல்வார்கள்.

ப்ரொஃபைல் கண்ணில் பட ஆரம்பித்ததும் மோசடிக்காரர்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. வாட்ஸாப்பில் மட்டும் பேசி நேர்காணல் இல்லாமல் ஆஃபர் லெட்டர் அனுப்பினால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.