எஸ்24 பிளஸா, எஸ்24 அல்ட்ராவா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாம்சங் 2024 ஜனவரி 17 அன்று கேலக்ஸி எஸ்24 வரிசையை வெளியிட்டது. அதில் வாங்குபவரை அதிகம் குழப்புவது மேல்மட்டத்தில் உள்ள இரண்டு போன்கள். பிளஸ், அல்ட்ரா இரண்டிலும் 12 ஜிபி ராம், 3120 x 1440 பிக்சல் திரை, 2600 நிட்ஸ் உச்ச வெளிச்சம், 45 வாட் சார்ஜிங், ஐபி68 நீர்-தூசிப் பாதுகாப்பு, 7 ஆண்டு அப்டேட் என எல்லாம் ஒன்றே. இந்தியாவில் வெளியானபோது 256 ஜிபி பிளஸ் ₹99,999, அதே 256 ஜிபி அல்ட்ரா ₹1,29,999. அந்த ₹30,000 எங்கே போகிறது என்று தேடும்போதுதான் பலர் தவறான வரியில் விரல் வைக்கிறார்கள்.

வேறு நாட்டு வீடியோவைப் பார்த்து முடிவெடுப்பது

அல்ட்ராவில் உலகம் முழுக்க ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்தான். பிளஸ் அப்படியில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சீனாவிலும் அதற்கு ஸ்னாப்டிராகன் கிடைத்தது. இந்தியா, ஐரோப்பா உள்ளிட்ட மற்ற பெரும்பாலான இடங்களில் சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினோஸ் 2400 வந்தது. ஆகவே அமெரிக்க விமர்சகர் ஒருவர் “இரண்டும் ஒரே வேகம்” என்று சொன்னால் அது அவர் கையில் இருக்கும் பிளஸுக்குப் பொருந்தும். சென்னைக் கடையில் நீங்கள் வாங்கும் பிளஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சரிபார்ப்பது எளிது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பக்கத்தில் மாடல் எண் இருக்கும். எஸ்எம்-எஸ்926 என்ற எண்ணுக்குப் பின் ‘பி’ வந்தால் உலகச் சந்தைக்கான பிளஸ். ‘யு’ வந்தால் அமெரிக்க பிளஸ். பயன்படுத்திய போன் அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த போன் வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். ஹார்டுவேர் விவரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைத் திறந்தால் சிப்பின் குறியீடு தெரியும்: எஸ்5இ9945 என்றால் எக்ஸினோஸ் 2400, எஸ்எம்8650 என்றால் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3.

வேகத்தை அளப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. வேகத்துக்கு மதிப்பெண் தரும் பெஞ்ச்மார்க் சோதனையை ஒரே ஒரு முறை ஓட்டினால் சூடேறாத போனின் உச்ச வேகம் மட்டும் கிடைக்கும். அரை மணி நேரம் கேம் ஆடுபவருக்கு அந்த எண் உதவாது. 3டிமார்க் என்ற சோதனை ஆப்பின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 முறை தொடர்ந்து ஓட்டுகிறது. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையே எவ்வளவு சரிகிறது என்பதைப் பாருங்கள். இரண்டு போன்களும் ஒரே அறையில், கவர் கழற்றி, சார்ஜரில் இல்லாமல், ஏறத்தாழ ஒரே பேட்டரி அளவில் இருக்க வேண்டும். ஒன்று சார்ஜரில் இருந்து அப்போதுதான் எடுத்ததாக இருந்தால் அந்த ஒப்பீட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப், வங்கி ஆப், யூடியூப் மட்டும்தான் உங்கள் பயன்பாடு என்றால் இந்தப் பகுதியையே கடந்து போகலாம். அங்கே இரண்டு சிப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

200-ஐயும் 50-ஐயும் பக்கத்தில் வைப்பது

அல்ட்ராவின் முதன்மை கேமரா 200 மெகாபிக்சல், பிளஸில் 50. இதை நான்கு மடங்கு தெளிவு என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. வழக்கமாகப் படம் எடுக்கும்போது இரண்டு போனும் தருவது 12 மெகாபிக்சல் படமே. அல்ட்ரா 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்க்கிறது, பிளஸ் 4 பிக்சல்களைச் சேர்க்கிறது. அல்ட்ராவின் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சேர்ந்தபின் 2.4, பிளஸில் 1.0 மைக்ரான், சேர்ந்தபின் 2.0. அதாவது நான்கு மடங்கு என்று நினைத்தது நடைமுறையில் 2.4-க்கும் 2.0-க்கும் உள்ள இடைவெளியாகச் சுருங்குகிறது. மங்கிய வெளிச்சத்தில் பெரிய சென்சார் கொண்ட அல்ட்ராவுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை போன் திரையில் பார்த்து எது எந்தப் போன் என்று சொல்வது கடினம்.

உண்மையான வித்தியாசம் ஜூமில் இருக்கிறது. அதையும் தவறான இடத்தில் சோதிக்கிறார்கள். இரண்டிலும் 3 மடங்கு ஜூம் லென்ஸ் 10 மெகாபிக்சல்தான். அல்ட்ராவில் கூடுதலாக 50 மெகாபிக்சல் 5 மடங்கு லென்ஸ் இருக்கிறது. 4 மடங்கில் வைத்துப் பார்த்தால் இரண்டு போனும் அந்த 3 மடங்கு லென்ஸின் நடுப்பகுதியை வெட்டித்தான் பெரிதாக்கும். “வித்தியாசமே இல்லை” என்று தோன்றுவது இயல்பு. 5-க்குப் போனதும் கதை மாறுகிறது. பிளஸ் தன் 3 மடங்கு சென்சாரில் 36 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்த முடியும், அதாவது சுமார் 3.6 மெகாபிக்சல். 10 மடங்கில் அது 0.9 மெகாபிக்சலாகத் தேய்ந்துவிடும். அல்ட்ரா 10 மடங்கிலும் 50 மெகாபிக்சலின் நடுக் கால் பகுதியை, அதாவது ஏறத்தாழ 12.5 மெகாபிக்சலை, கையில் வைத்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையைப் படம் எடுப்பவருக்கும், கோபுரச் சிற்பத்தையோ பறவையையோ எடுப்பவருக்கும் ₹30,000-இன் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட படங்கள் எடுக்காதவருக்கு அந்தப் பணம் வீண்.

கடைக்குள் ஜூம் சோதிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வெளிச்சம் குறைந்தாலோ பொருள் மிக அருகில் இருந்தாலோ, திரையில் 5 என்று காட்டியபடியே போன் முதன்மை கேமராவுக்குத் தாவி, படத்தை வெட்டிப் பெரிதாக்கும். பின்புற லென்ஸ் ஒவ்வொன்றையும் விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருள்கிறதோ அந்த லென்ஸ்தான் வேலை செய்கிறது. வாசலுக்கு வந்து தெருவில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை எடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி ஒப்பிடாதீர்கள். அது அளவைச் சுருக்கிவிடும், பார்க்க வேண்டிய நுணுக்கம் முதலில் போய்விடும்.

அட்டவணைகள் சொல்லாத ஒன்றும் உண்டு. அகலக் கோண கேமரா இரண்டிலும் 12 மெகாபிக்சல், எஃப்/2.2, 120 டிகிரி. ஆனால் அல்ட்ராவில் அதற்கு ஆட்டோஃபோகஸ் உண்டு, பிளஸில் இல்லை. பூ, நகை, பூச்சி போன்றவற்றை மிக அருகில் வைத்து எடுப்பது அல்ட்ராவில்தான் சுலபம்.

பேட்டரியும் சார்ஜரும்

பிளஸின் 4900-க்கும் அல்ட்ராவின் 5000-க்கும் உள்ள 100 எம்ஏஎச் பேட்டரி வித்தியாசம் இரண்டு விழுக்காடுதான், அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இரண்டு போனும் பெட்டியிலிருந்து வரும்போது திரை ‘முழு எச்டி பிளஸ்’ என்ற குறைந்த பிக்சல் அளவில் இருக்கும். ஒன்றில் குவாட் எச்டிக்கு (முழு 3120 x 1440) மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். புதுப் போன் முதல் சில நாட்கள் பின்னணியில் படங்களை வகைப்படுத்தும், ஆப்களைப் புதுப்பிக்கும். ஒரு வாரம் கழிந்தபின் அளப்பதே நியாயம். பெட்டியில் சார்ஜர் கிடையாது. 45 வாட் வேகம் வேண்டுமானால் பிபிஎஸ் (போனின் தேவைக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றித் தரும் முறை) வசதியுள்ள 45 வாட் சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் தேவை. அவற்றின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கையில் பிடிக்காமல் வாங்குவது

6.7 அங்குலம், 6.8 அங்குலம் என்று படித்தால் ஒன்றுபோலத் தெரியும். பிளஸ் 75.9 மிமீ அகலம், 196 கிராம். அல்ட்ரா 79 மிமீ, 232 கிராம். கூடவே அல்ட்ராவின் மூலைகள் கூர்மையானவை. ஒரு கையால் தட்டச்சு செய்பவருக்கு அந்த 3 மிமீ பெரிய விஷயம். கடையில் கவர் போட்ட நிலையில் கட்டைவிரல் மறுமூலைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். திரையில் எழுத உதவும் எஸ் பென் பேனா அல்ட்ராவில் மட்டுமே. அதற்காக வாங்குகிறீர்கள் என்றால் காந்த வளையம் உள்ள கவரைத் தவிர்க்கவும். காந்தத்துக்கு மேலுள்ள பகுதியில் பேனா சரியாகக் கோடு இழுக்காது.

கடைசியாக, கண்ணாடி. 2600 நிட்ஸ் இரண்டுக்கும் பொது என்றாலும் வெயிலில் அல்ட்ரா தெளிவாகத் தெரியும். அதன் கொரில்லா ஆர்மர் கண்ணாடி பிரதிபலிப்பை 75 விழுக்காடு வரை குறைக்கிறது என்று அதைத் தயாரிக்கும் கார்னிங் சொல்கிறது. பிளஸில் இருப்பது அதே கார்னிங்கின் கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2. இரண்டு திரையையும் அணைத்துக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் அல்ட்ரா வாங்கிய கையோடு, கடைக்காரர் நீட்டும் சாதாரண டெம்பர்ட் கிளாஸை மேலே ஒட்டிவிட்டால் அந்த நன்மை முழுக்கப் போய்விடும். வெளிச்சம் இப்போது டெம்பர்ட் கிளாஸில் பட்டுத் திரும்பும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வைத்திருக்கும் காட்சிப் போனில் ஏற்கெனவே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டியூப்லைட் சோதனையைச் செய்யுங்கள்.