தட்டைப் பூமிச் சண்டையில் உருண்டைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

கடற்கரையில் நின்றபடி 30 கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு கட்டடத்தைப் படம் பிடிக்கிறார், பூமி தட்டை என்று நம்பும் ஒருவர். "வளைவுக் கணக்குப்படி இதில் 70 மீட்டர் மறைந்திருக்க வேண்டும். எங்கே மறைந்தது?" என்று கேட்டு இணையத்தில் போடுகிறார். கீழே வந்து குவிவதெல்லாம் வசவும் சிரிப்புப் பொம்மைகளும்தான். அந்த 70 சரிதானா என்று யாரும் கேட்பதில்லை. ஓரமாக நின்று பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் கோபம்.

பூமி உருண்டை என்பதில் சந்தேகம் ஏதுமில்லை. ஆனால் சரியான பக்கம் நிற்பதாலேயே ஒருவர் சரியாக வாதாடிவிடுவார் என்று சொல்ல முடியாது. இந்தச் சண்டையில் உருண்டைக்காரர்கள் மண்ணைக் கவ்வும் இடங்களைப் பார்ப்போம்.

எட்டு அங்குலக் கணக்கை அப்படியே விழுங்குவது

தட்டைக்காரர்களின் பிடித்தமான சூத்திரம் இது: தூரத்தை மைலில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் எட்டால் பெருக்கினால் இத்தனை அங்குலம் இறக்கம். மெட்ரிக்கில் சொன்னால், கி.மீ. தூரத்தின் வர்க்கத்தை 0.0785ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 30 கி.மீ.க்கு 70.6 மீட்டர்.

சூத்திரம் பொய்யில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் தரையைத் தொட்டபடி ஒரு நேர்கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து தூரத்துத் தரை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. எவ்வளவு மறையும் என்பது வேறு கேள்வி. கண் தண்ணீர் மட்டத்திலேயே இருந்தால்தான் இரண்டுக்கும் ஒரே விடை.

மறையும் அளவைக் கண்டுபிடிக்க முதலில் கண் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்குங்கள். அதுதான் அடிவானம் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. மொத்தத் தூரத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தின் வர்க்கத்தை 0.0785ஆல் பெருக்குங்கள். கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 5 கி.மீ.யில். மிச்சம் 25 கி.மீ. மறைவது 49 மீட்டர். 70 எங்கே, 49 எங்கே!

காற்றில் ஒளி வளைவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். நில அளவையாளர்கள் சாதாரண நாளுக்கு வைத்திருக்கும் எளிய வழி, பூமியின் ஆரத்தை 7/6 மடங்காக எடுத்துக்கொள்வது. அப்போது 3.57 என்பது 3.86 ஆகும், 0.0785 என்பது 0.0673 ஆகும். அதே கட்டடத்தில் மறைவது 40 மீட்டர் சொச்சம்தான். பார்க்கிறவர் 10 மீட்டர் உயரத்து மொட்டைமாடியில் நின்றிருந்தால் 21 மீட்டர். கண் உயரம் என்பது ஆளின் உயரமல்ல. அந்த நேரத்து நீர்மட்டத்திலிருந்து கண்வரை உள்ள உயரம். மணல்மேடும் கடலின் ஏற்றவற்றமும் அதில் சேரும். இதைக் கேட்காமல் எந்தப் படத்தையும் விவாதிக்கத் தொடங்காதீர்கள்.

இதிலேயே எதிர்த்திசைத் தவறும் உண்டு. "அது வட்டத்தின் சூத்திரமே இல்லை, பரவளையத்தின் சூத்திரம், அதனால் செல்லாது" என்று புத்திசாலித்தனமாக மடக்குவார்கள். 160 கி.மீ. தூரத்தில் இறக்கம் 2 கி.மீ.; இந்தத் தோராயத்தால் வரும் பிழை 30 செ.மீ. இதைப் பிடித்துத் தொங்கினால் கணக்குத் தெரிந்த தட்டைக்காரர் ஒரே வரியில் உங்களை உட்காரவைத்துவிடுவார்.

ஒளிவிலகலை மந்திரம்போல் ஓதுவது

கணக்குக்கு மேல் ஏதாவது தெரிந்துவிட்டால் "ஒளிவிலகல்" என்று சொல்லிவிட்டு நகர்வது பலருக்குப் பழக்கம். எதிராளிக்கு அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். எவ்வளவு, ஏன் என்று சொல்ல வேண்டும். குளிர்ந்த நீருக்கு மேல் வெதுவெதுப்பான காற்று நின்றால், கீழே அடர்த்தி கூடி, ஒளி கீழ்நோக்கி வளையும். மேலே போகப் போக மீட்டருக்குச் சுமார் 0.13 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் போதும், ஒளி பூமியின் வளைவோடு சேர்ந்தே போகும். கடல் தட்டையாகவே தெரியும். அப்படிப்பட்ட அடுக்கு பெரும்பாலும் நீரை ஒட்டியே இருக்கும். ஆகவே நீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செய்யும் எந்தச் சோதனையும் பூமியை அளப்பதில்லை, காற்றைத்தான் அளக்கிறது.

1838இல் இங்கிலாந்தின் பழைய பெட்ஃபோர்ட் கால்வாயில் சாமுவேல் ரோபாதம் சிக்கியது இங்கேதான். 6 மைல் நேராக ஓடும் நீர். அதில் இறங்கி நின்று, நீருக்கு 8 அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்து, கொடி கட்டிய படகு கடைசிவரை தெரிந்தது என்றார். இன்றைய தட்டைப் பூமி இயக்கம் மொத்தமும் அந்த 8 அங்குலத்தில் முளைத்ததுதான்.

1870இல் அதே கால்வாயில் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் அதைத் திருத்திச் செய்தார். இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து சொன்ன அதே வாலஸ். இளம் வயதில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். பார்வைக் கோட்டை நீருக்கு 13 அடி மேலே தூக்கினார். இரண்டு முனையிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் குறிகள். பூமி தட்டையானால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உருண்டையானால் நடுக்குறி 6 அடி தூக்கித் தெரிய வேண்டும், ஒளிவிலகலைக் கழித்தால் 5 அடி சொச்சம். தூக்கித்தான் தெரிந்தது.

இரண்டு குச்சி போதும் என்று நினைப்பது

எரடோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் நிழலை வைத்துப் பூமியை அளந்தார் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் பூமி உருண்டை என்று ஏற்கெனவே வைத்துக்கொண்டுதான் அவர் அதன் சுற்றளவைக் கணக்கிட்டார். உருண்டை என்பதற்கு இரண்டு நிழல் சான்றாகாது. தட்டைப் பூமிக்கு மேலே 6,300 கி.மீ. உயரத்தில் ஒரு சின்னச் சூரியனை வைத்தால், அதே இரண்டு நிழலும் அச்சு அசலாக விழும். தட்டைக்காரர்கள் பலருக்கு இது தெரியும். அவர்களோடு மல்லுக்கு நிற்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

மூன்றாவது ஊரைச் சேர்த்தால் கதை மாறிவிடும். சம இரவு நாளில், அதாவது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அது தலைக்கு நேர்மேலிருந்து சாய்ந்திருக்கும் கோணமும் அந்த ஊரின் அட்சரேகையும் ஒன்றே. தட்டைப் பூமி என்றே வைத்துக்கொண்டு சூரியனின் உயரத்தைக் கணக்கிடுங்கள்: நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் போதும். கன்னியாகுமரியிலிருந்து (8.1 டிகிரி, 900 கி.மீ.) பார்த்தால் சூரியன் சுமார் 6,300 கி.மீ. உயரத்தில். டெல்லியிலிருந்து (28.6 டிகிரி, 3,180 கி.மீ.) 5,800. லண்டனிலிருந்து (51.5 டிகிரி, 5,720 கி.மீ.) 4,550. ஒரே சூரியன் மூன்று உயரத்தில் எப்படி நிற்கும்? இந்தக் கேள்விக்கு வசவு தேவையே இல்லை.

இங்கே செய்யும் சில்லறைத் தவறு, கடிகாரம் 12 அடிக்கும்போது நிழலை அளப்பது. உச்சி நேரம் ஊருக்கு ஊர் மாறும். 11.30 முதல் 1 மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, ஆகக் குட்டையானதை எடுங்கள். குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும்.

கப்பலும் விமான ஜன்னலும்

"கப்பல் அடிவானத்தில் மறைகிறதே" என்று போனில் எடுத்த காணொளியைக் காட்டாதீர்கள். மனிதக் கண்ணுக்கு ஒரு பாகைநிமிடத்துக்கு (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கீழே எதுவும் பிரிந்து தெரியாது. 1 மீட்டர் அகலப் பொருள் 3.4 கி.மீ.யிலேயே புள்ளியாகிவிடும். அப்படி மறைந்த படகை 125 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி1000 கேமராவில் திரும்பக் கொண்டுவந்து காட்டுவது தட்டைக்காரர்களின் நிரந்தர வித்தை. அது நியாயமான வித்தையும்கூட. வளைவால் மறைந்தது ஜூமில் திரும்பாது. ஆகவே முழு ஜூமிலேயே தொடங்கி, பெரிய சரக்குக் கப்பலாகப் பார்த்து, மேல்தளம் தெளிவாகத் தெரியும்போதே அடிப்பகுதி மட்டும் வெட்டுப்பட்டு நிற்பதைக் காட்டுங்கள். கண் உயரத்தை 2 மீட்டரிலிருந்து 10க்கு ஏற்றியதும் வெட்டுப்பட்ட பகுதி திரும்பி வந்தால், அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

விமான ஜன்னலில் தெரியும் வளைவு பெரும்பாலும் லென்ஸின் வளைவுதான். அகலக்கோண லென்ஸில் அடிவானம் படத்தின் மேல்பாதியில் இருந்தால் மேல்நோக்கி வளையும், கீழ்ப்பாதியில் இருந்தால் பள்ளமாகும். சரியாக நடுவில் ஓடும் படத்தை மட்டும் நம்பலாம். வெறுங்கண்ணுக்கு 35,000 அடிவாக்கில்தான், அதுவும் அகன்ற பார்வை கிடைத்தால்தான், வளைவு லேசாகப் புலப்படும்.

வளைவைத் தேடுவதைவிட அடிவானத்தின் தாழ்வை அளப்பது எளிது. இதை ஏன் இத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள் என்றுதான் புரியவில்லை. "எவ்வளவு உயரம் போனாலும் அடிவானம் கண்மட்டத்துக்கே எழும்" என்பது தட்டைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. இரண்டு கண்ணாடி பாட்டிலின் அடியில் ஒரு குழாயை இணைத்து, நிறம் கலந்த நீர் ஊற்றுங்கள். இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதுவே உங்கள் மட்டப்பலகை. கடல் தெரியும் 1,000 மீட்டர் மலையில் அடிவானம் அந்த மட்டத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இருக்கும். பாட்டில்களை 30 செ.மீ. தள்ளி வைத்தால் 5 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்கே தெரியும். குழாயில் காற்றுக் குமிழி சிக்கினால் மட்டம் பொய்யாகும், அதைத் தட்டி வெளியேற்றிவிடுங்கள்.

நம் பக்கத்துக் கட்டுக்கதைகள்

தென்கோளத்தில் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் எதிர்த்திசையில் சுழலும் என்று எழுதாதீர்கள். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஷாப்பிரோ 6 அடி அகலத் தொட்டியில் நீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்த பிறகுதான் பூமிச் சுழற்சியின் விளைவைப் பார்க்க முடிந்தது. உங்கள் கைகழுவும் தொட்டியில் சுழற்சியைத் தீர்மானிப்பது குழாய் திறந்த விதம்தான். கொலம்பஸ்தான் பூமி உருண்டை என்று நிரூபித்தார் என்பதும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய கதை. அவருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே, 499இல், கடம்பப் பூவின் உருண்டையைச் சுற்றி இதழ்கள் நிற்பதுபோல் பூமியைச் சுற்றி உயிர்கள் நிற்கின்றன என்று ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

போனிலுள்ள கைரோஸ்கோப்பை, அதாவது சுழற்சியை உணரும் சிப்பை, வைத்துப் பூமிச் சுழற்சியை அளக்கலாம் என்பதும் இந்த வகையே. மணிக்கு 15 டிகிரிதான் அளக்க வேண்டியது. போன் சிப் தன்பாட்டுக்கு அதைவிட அதிகமாக நகரும்.

முடிவை முன்பே எழுதி வாங்காதது

மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிய தவறு. மணிக்கு 15 டிகிரி என்றேனே, அதைத் தட்டைக்காரர்களே விலையுயர்ந்த லேசர் கைரோஸ்கோப் வாங்கி அளந்து 15 டிகிரியே கண்டார்கள். 2018இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அது பதிவாகியிருக்கிறது. உடனே ஒப்புக்கொண்டார்களா? வானிலிருந்து வரும் ஏதோ ஆற்றல் என்று காரணம் தேடினார்கள். உருண்டைக்காரர்கள் அந்தக் காட்சியை வெட்டி வெட்டிப் போட்டுச் சிரித்ததோடு சரி. அளப்பதற்கு முன்பே "15 வந்தால் என்ன பொருள்? வேறு எதனால் 15 வரலாம்? அதை எப்படி விலக்குவது?" என்று கேட்டிருந்தால் பிறகு ஒளிய இடமிருந்திருக்காது.

வாலஸுக்கும் இதே கதிதான். ஜான் ஹாம்டன் என்ற தட்டைக்காரர், நீரின் வளைவைக் காட்ட முடியாது என்று 500 பவுண்டு பந்தயம் கட்டியிருந்தார். ஹாம்டன் தரப்பு நடுவரான வில்லியம் கார்பென்டர் தானே ஒரு தட்டைக்காரர். தொலைநோக்கியில் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, இதுவே தட்டை என்பதற்குச் சான்று என்றார். பொது நடுவர் வாலஸுக்கே தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு பல ஆண்டுகள் ஹாம்டன் அவதூறு எழுதித் தள்ளினார். அதற்காகச் சிறைக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று பணமும் திரும்பிப் போனது. வழக்குச் செலவு வாலஸ் தலையில்.

ஆகவே பணம் கட்டாதீர்கள். அளக்கும் முன் நாலு வரி எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்: எதை அளக்கிறோம், கண் உயரமும் தூரமும் எவ்வளவு, உன் கணக்குப்படி எத்தனை, என் கணக்குப்படி எத்தனை. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அளவையின் பிழையைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனையே வேண்டாம். நடுவில் எதிராளி நாசா, செயற்கைக்கோள், தடுப்பூசி என்று தாவினால் பின்னாலேயே ஓடாதீர்கள். "இதை முடித்துவிட்டு அதற்கு வருவோம்" என்பதோடு நிறுத்துங்கள். 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சதிக்கோட்பாட்டை நம்பும் 2,190 பேரோடு செயற்கை நுண்ணறிவு உரையாடியபோது நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அது திரும்ப ஏறவில்லை. அது செய்ததெல்லாம் அந்த மனிதர் சொன்ன குறிப்பான காரணத்துக்குக் குறிப்பான பதில் சொன்னதுதான்.

2024 டிசம்பரில் அண்டார்டிகாவில் ஒரு சோதனை முறையாக நடந்தது. வட துருவம் நடுவிலும் அண்டார்டிகா சுற்றுச் சுவராகவும் இருக்கும் தட்டை வரைபடத்தில், அங்கே 24 மணிநேரமும் மறையாத சூரியன் சாத்தியமே இல்லை. தட்டைக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவந்த அந்த ஒன்றையே பிடித்து, கொலராடோவைச் சேர்ந்த பாதிரியார் வில் டஃபி இரு தரப்பினரையும் யூனியன் பனியாற்றுக்குக் கூட்டிப்போனார். சூரியன் மறையவில்லை. பல வருடம் தட்டைப் பூமிக் காணொளிகள் போட்டுவந்த ஜெரன் கம்பனெல்லா, இந்த விஷயத்தில் தான் தவறாக இருந்ததாக அங்கிருந்தே சொன்னார். இதற்காகத் தன்னை விலைபோனவன் என்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அவரோடு போன ஆஸ்டின் விட்சிட் அதே சூரியனைப் பார்த்துவிட்டு, இதனால் தட்டை பொய்யாகிவிடாது என்றார்.

ஒருவர் இப்படி ஓர் அடி பின்வாங்கும்போது "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பதுதான் நாம் செய்யும் கடைசித் தவறு. அப்போதே அடுத்த பத்துச் சான்றையும் அவர்மேல் கொட்டாதீர்கள். அவருடைய வரைபடத்தில் இப்போது எது உடைந்தது என்று அவரையே சொல்லவிடுங்கள். அதைப் படிக்கப்போவது அவருடைய பழைய கூட்டாளிகள்.