பரா ஆடக் கற்போம்: யேமன் மலைநாட்டின் குறுவாள் நடனமும் அதன் உடையும்

யேமனின் வட மலைநாட்டில், பெருநாள் அன்றோ திருமணத்தன்றோ முரசுகள் முழங்கத் தொடங்கியதும், ஆண்கள் இடுப்பிலிருக்கும் வளைந்த குறுவாளை உருவிக்கொண்டு அருகருகே வந்து நிற்பார்கள். திறந்த வெளியில், பெரும்பாலும் பகலில் ஆடப்படும் இந்த நடனத்துக்குப் பரா என்று பெயர். பார்ப்பவர் கண்ணை முதலில் பறிப்பது குறுவாள்தான் என்றாலும், பக்கத்தில் நிற்பவரோடு கால் பிசகாமல் சேர்ந்து ஆடுவதே இதில் முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்தப் பாடத்தில் குறுவாளைப் பிந்தியே கையில் எடுக்கப்போகிறோம்.

யேமன் நடனம் என்பது ஒன்றல்ல. சனா நகர வீடுகளில் ஊத் என்னும் நரம்புக்கருவியின் இசைக்கும் காதல் பாட்டுக்கும் இருவர் இருவராக ஆடும் லுஅப் வேறு. செங்கடலை ஒட்டிய திஹாமாச் சமவெளியில் துள்ளிக் குதித்து ஆடும் ஆட்டங்கள் வேறு. ஹள்ரமவ்த் பகுதியின் ஸஃபீன் கடல் கடந்து போய் மலாய் மண்ணில் ஸாப்பின் ஆயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள வாசகர்கள் அதைப் பார்த்தே இருப்பார்கள். தொடங்குவோருக்கு நான் பராவையே பரிந்துரைப்பேன். குழுவாக ஆடுவதால் புதியவர் ஒருவரை வரிசை தாங்கிக்கொள்ளும்.

முதல் படி: முரசைக் கேளுங்கள்

பராவுக்குப் பாட்டு தேவையில்லை. இரண்டு முரசுகள் போதும். தாசா என்பது அரைக்கோள வடிவச் செம்புக் கலத்தின் மீது தோல் இழுத்துக் கட்டிய சிறிய முரசு; மெல்லிய குச்சிகளால் அடிக்கப்படும் அதன் ஒலி கூர்மையாகவும் விரைவாகவும் இருக்கும். மர்ஃபா அதைவிடப் பெரியது, தாழ்ந்த ஒலி உடையது. புதியவர்கள் தாசாவின் வேகத்தில் மயங்கி அதன் பின்னால் ஓடிவிடுவார்கள். நீங்கள் மர்ஃபாவைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, உட்கார்ந்த நிலையிலேயே தாழ்ந்த ஒலி விழும் இடங்களில் மட்டும் தொடையில் தட்டிப் பழகுங்கள். தட்டு தானாக விழும்வரை எழுந்து நிற்க வேண்டாம்.

நடனம் பல பகுதிகளாக வளரும். மலைநாட்டின் சில ஊர்களில் இவற்றைத் தஅசா, வுஸ்தா, சரீ, ஹவ்ஷா என்று வரிசைப்படுத்துவார்கள். நிதானமாகத் தொடங்கும் தாளம் பகுதிக்குப் பகுதி விரைவாகும்; அடவுகள் சிக்கலாக ஆக, ஆடுவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தேர்ந்தவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள்.

இரண்டாம் படி: வரிசையில் நிற்றல்

ஆட்டக்காரர்கள் ஒருபுறம் திறந்த அரைவட்டமாக நிற்பார்கள். அவர்களுள் ஒருவர் தலைவர். எப்போது திரும்புவது, எப்போது தாழ்வது என்பதை அவரது அசைவே அறிவிக்கும். ஆகவே பார்வை உங்கள் காலில் இருக்கக் கூடாது. முதுகை நிமிர்த்தி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, தலைவரை ஓரக்கண்ணால் பார்க்கக் கூடிய கோணத்தில் நில்லுங்கள். பழகும்போது நால்வர் இருந்தால் நல்லது. தனியாகப் பழகினால் கால் வரும், வரிசை வராது.

மூன்றாம் படி: கால்கள்

ஒவ்வொரு குலமும் தனக்கென ஒரு பராவை வைத்திருக்கிறது. அடவைப் பார்த்தே ஆடுபவர் எந்தக் குலத்தவர் என்று சொல்லிவிடுவார்கள். எனவே கீழே இருப்பதை எந்தக் குலத்தின் அடவாகவும் கொள்ளாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான அசைவுகளைக் கொண்டு அமைத்த பயிற்சியாகக் கொள்ளுங்கள்.

வலக்காலைச் சிறிய அடியாக முன்வைத்து, இடக்காலை அதன் அருகே கொண்டுவந்து, முழங்காலை மெல்ல மடக்கி எழுங்கள். பின் இடக்காலால் பின்வாங்கி, வலக்காலைச் சேர்த்து, மறுபடியும் மடக்கி எழுங்கள். அடி நீளமானால் பக்கத்தில் இருப்பவரை இடிப்பீர்கள். ஒரு பாத நீளம் போதுமானது. இது உடலில் படிந்தபின், சேர்க்கும் காலைத் தரையில் வைக்காமல் சற்றே உயர்த்தி, நிற்கும் காலில் சிறு துள்ளல் ஒன்றைச் சேருங்கள். மேலுடல் ஆடாமல் கால் மட்டும் துள்ள வேண்டும். பராவின் கம்பீரம் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகே, நான்கு அடிகளில் முழு வட்டமாகத் திரும்பிப் பழைய இடத்திலேயே வந்து நிற்பதைப் பழகுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டுக்கொண்டால், எவ்வளவு விலகினீர்கள் என்பது தெரியும்.

நான்காம் படி: குறுவாள்

ஜம்பியா இருபுறமும் கூரான, வளைந்த குறுவாள். பயிற்சிக்கு மரத்தில் செய்ததையே பயன்படுத்துங்கள். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம். வலக்கையில் பிடித்து, நுனி மேல்நோக்கியிருக்க, முழங்கையை உடலை ஒட்டி வைத்து, மணிக்கட்டை மட்டும் சுழற்றுங்கள். திரும்பும்போது கையைத் தலைக்கு மேலே உயர்த்திவிட வேண்டும். பக்கவாட்டில் நீட்டியபடி திரும்புவது ஆபத்தானது. நெருங்கி நிற்கும் வரிசையில் வாள்கள் ஒன்றோடொன்று மோதாமல் சுழல்வதற்குக் காரணம், எல்லாரும் ஒரே கணத்தில் திரும்புவதுதான்.

பழைய ஜம்பியாக்களில் உயர்ந்தவற்றின் கைப்பிடி காண்டாமிருகக் கொம்பால் ஆனது. 1970களில் இதற்கான தேவை பெருகி, ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களுக்குப் பேரழிவாக முடிந்தது. 1982இல், அப்போது தனி நாடாக இருந்த வட யேமன் கொம்பு இறக்குமதியைத் தடைசெய்தது. அத்தகைய கைப்பிடியை யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். எருமைக் கொம்போ மரமோ கையில் அதே பிடிமானத்தைத் தரும்.

ஐந்தாம் படி: உடை

மலைநாட்டு ஆண்கள் கணுக்காலுக்குச் சற்று மேல்வரை நீண்ட வெள்ளை அங்கியான ஸன்னாவையோ, கைலி போல இடுப்பில் சுற்றிக்கட்டும் ஃபூதாவையோ அணிவார்கள். ஆடுவதற்கு ஃபூதா எளிது. கெண்டைக்கால் தெரியும் உயரத்தில் கட்டினால் துள்ளும்போது தடுக்காது. மேலே சட்டையும் கோட்டும் உண்டு.

இதன்மீது வருவது அகலமான இடைவார். பொன்னிற நூலால் நெருக்கமாகப் பின்னல்வேலை செய்யப்பட்ட அதன் நடுவில், அடிப்பகுதி கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்த அசீப் என்னும் உறை, வயிற்றின் நேர் நடுவே நிமிர்ந்து நிற்கும். குலத்தார் இப்படி அணிவர். நபியின் வழிவந்தோராகக் கருதப்படும் சையிதுகள், நீதிபதி மரபினரான காழிகள் ஆகிய குடும்பத்தார் தூமா என்னும் மெல்லிய உறையை வலப்புறம் சாய்த்து அணிவது மரபு. வாரை இறுக்கிக் கட்டுங்கள். அது தளர்ந்திருந்தால் உறை ஆடும். வாளை உறையிலிடும்போது கை தடுமாறும். தலைக்கு ஷாலை முறுக்கிச் சுற்றி, விளிம்பில் மணமுள்ள துளசியோ சதாப்பு இலையோ செருகிக்கொள்ளலாம்.

பரா ஆண்களின் ஆட்டம். பெண்கள் தங்கள் திருமணக் கூட்டங்களில் லுஅப் ஆடுவார்கள். அதற்கு வெள்ளி அணிகள் சிறப்பு. அவற்றுள் புகழ்பெற்ற நுண்வேலைப்பாட்டைச் செய்துவந்த யூதப் பொற்கொல்லர்களில் மிகப் பெரும்பாலோர் 1949–50இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அதனால் அக்காலத்துக்கு முந்தைய கழுத்தணி ஒன்று கைக்குக் கிடைத்தால், ஆடும்போது அணியாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாம் படி: வரிசையில் சேர்தல்

முதல் முறை ஆடும்போது வரிசையின் ஓரத்தில் சேருங்கள். ஒரு பக்கம் மட்டுமே ஆள் இருப்பதால் திரும்புவதற்கு இடம் கிடைக்கும். வுஸ்தா முடியும்வரை ஆடுங்கள். தாளம் சரீக்கு மாறும் அறிகுறி தெரிந்ததும், திரும்புதல் ஒன்று முடிந்து எல்லாரும் நிலைக்கு வரும் கணத்தில், இரண்டடி பின்வாங்கி, குறுவாளை உறையிலிட்ட பின்னரே வெளியே வாருங்கள்.