வேலைக்கு நடுவே வெள்ளீய ஜிக் ஹெட்: வீட்டிலேயே வார்த்து வண்ணம் பூசுவது எப்படி

ஜிக் ஹெட் என்பது தூண்டில் முள்ளின் கழுத்தில் உலோகக் குண்டை வார்த்துச் சேர்த்தது, அந்த முள்ளில்தான் ரப்பர் மீனைக் கோப்போம். கழிமுகத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு மாதிரி இடத்தில், பாறை இடுக்கிலும் சிப்பி ஒட்டிய கல்லிலும் ரப்பர் மீனை அடியோடு இழுத்துக்கொண்டு வந்தால்தான் கொடுவா கடிக்கும், அங்கேதான் முள்ளும் மாட்டும், தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். கடையில் ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டுபடியாகாது என்பது ஒரு பக்கம். நமக்கு வேண்டிய எடையில் வேண்டிய முள் கடையில் கிடைப்பதில்லை என்பது இன்னொரு பக்கம். அதனால் வீட்டிலேயே வார்க்கலாம். நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதியைத் துண்டு துண்டாக, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கும் இருபது நிமிஷத்தில் செய்யலாம். ஆனால் உலோகத்தை உருக்கி ஊற்றும் பகுதியை மட்டும் அப்படிச் செய்யவே கூடாது. அதற்கு இரண்டு மணி நேரம் முழுசாக, போனை அணைத்துவிட்டு ஒதுக்க முடிந்தால் மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள். பத்து மணிக்கு மீட்டிங், அதற்குள் முடித்துவிடலாம் என்று ஒன்பதுக்கு உட்கார வேண்டாம். கை சுட்டுக்கொள்வது அந்த அவசரத்தில்தான்.

எந்த உலோகம்? நம் கடற்கரையில் வலைக்கும் தூண்டிலுக்கும் காலம்காலமாக காரீயம், அதாவது லெட்தான். விலை குறைவு, கனம் அதிகம், 327 டிகிரியில் உருகிவிடும். ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தொடாதீர்கள் என்பேன். உருக்கும்போது வரும் ஆவியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் அதைவிடப் பெரிய தொல்லை மேலே திரளும் கசடும், அது பொடியாகித் தரையிலும் துணியிலும் கையிலும் ஒட்டிக்கொள்வதும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரில் விடுவதும் நல்லதில்லை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் பிரிட்டன் 1987லேயே சிறிய காரீயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. எந்தக் காரணத்துக்காகவும் பழைய பேட்டரியை உடைத்து அதிலிருக்கும் காரீயத்தை உருக்கிவிடாதீர்கள், ஆசிட்டோடு ஆர்செனிக், ஆன்டிமனி எல்லாம் சேர்ந்து அதிலிருந்து விஷ வாயு வரலாம்.

ஆகவே வெள்ளீயம், அதாவது டின். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு இந்த உலோகம்தான். காலியாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று வீட்டில் சொல்வார்களே, 232 டிகிரி போதும் என்பதுதான் அதற்குக் காரணம். விலை காரீயத்தைவிடப் பல மடங்கு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஜிக் ஹெட்டுக்குச் சில கிராம்தான் போகும், ஊற்றும் வாயில் உறைந்த காம்பையும் ஓரத்தில் கசிந்த பிசிறையும் வெட்டித் திரும்ப உருக்கிக்கொள்ளலாம், ஒன்றும் வீணாகாது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் லெட் ஃப்ரீ சால்டர் பார், அதாவது காரீயம் கலக்காத பற்றாசுக் கட்டி, கிடைக்கும், பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் தாமிரம், 227 டிகிரியில் உருகும். எனக்குப் பிடித்தது இதுதான். கம்பியாக வரும் சால்டர் வேண்டாம், உள்ளே ஃப்ளக்ஸ் என்ற ஒட்டவைக்க உதவும் பொருள் இருப்பதால் உருக்கும்போது ஒரே புகை. 60/40, 63/37 என்று போட்டிருந்தால் அதில் காரீயம் கலந்திருக்கிறது. பாத்திரக் கடையில் கட்டியாக வாங்கினால் வெள்ளைத் தாளில் உரசிப் பாருங்கள், காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் கோடு போடும். தூய வெள்ளீயப் பட்டையைக் காதுக்கருகே வளைத்தால் மெல்ல நொறுங்குவது போல ஒரு சத்தம் வரும், காரீயம் சத்தமே இல்லாமல் வளையும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைகளில் மாட்டாது, அதனால் நம்பிக்கையான இடத்தில் வாங்குவதே மேல்.

எடைக் கணக்கு இங்கே முக்கியம். ஜிக் ஹெட் வார்ப்பதற்கென்று விற்கும், இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சுகளில் போட்டிருக்கும் எடை காரீயத்துக்கு உரியது. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3, ஆகவே அதே குழியில் கிட்டத்தட்ட 64 சதவீத எடைதான் வரும். 14 கிராம் என்று போட்ட அச்சில் 9 கிராம் கிடைக்கும், 10 கிராம் அச்சில் 6.4. உங்களுக்கு வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு பெரிய அச்சாக வாங்குங்கள். எடை குறைவதால் தண்ணீரில் மெதுவாக இறங்கும், ஆழம் குறைந்த கழிமுகத்தில் கொடுவாவுக்கு அது நல்லதுதான். அலை அடிக்கும் கரையிலோ இழுப்பு அதிகமான முகத்துவாரத்திலோ தூக்கிக்கொண்டு போய்விடும், அங்கே பெரிய குழிதான் சரி.

இனி துண்டு துண்டாகச் செய்ய வேண்டியவை. ஒரு ராத்திரி முட்களைப் பிரித்து வையுங்கள். ஜிக் முள் என்றால் கழுத்துப் பக்கம் 60 அல்லது 90 டிகிரி வளைந்திருக்கும், உங்கள் அச்சு எந்த வளைவுக்கு வெட்டியது என்று பார்த்துத்தான் முள் வாங்க வேண்டும். ஒவ்வொரு முள்ளையும் குழியில் வைத்து, அச்சை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டு பாதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் முள் சரியாக உட்காரவில்லை, அந்த இடைவெளியில் உலோகம் ஒழுகும். இன்னொரு நாள் அச்சை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மெழுகுவத்திச் சுடரில் குழியின் உள்பக்கத்தைக் காட்டி மெல்லிய கரி படிய விடுங்கள், உலோகம் மூலை வரை ஓடும், பிடித்துக்கொள்ளாமல் கழன்றும் வரும். எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரே டப்பாவில் போட்டு, எதுவரை முடித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் யோசிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊற்றும் நாள். மொட்டை மாடியில், காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள். சமையலறை வேண்டாம். மேகம் மூட்டமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். உருகிய உலோகத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் அது ஒரே நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும், உலோகத்தை முகத்துக்கு வீசியடிக்கும். சென்னை மாதிரி ஊரில் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்: புழுக்கத்தில் அச்சுக்குள் படிந்த ஈரம், கரண்டியில் இருக்கும் ஈரம், நெற்றி வியர்வை. தலையில் ஒரு பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வது கட்டாயம். கரண்டி, அச்சு, புதிதாகப் போடும் உலோகத் துண்டு எல்லாவற்றையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

முழுக்கை பருத்திச் சட்டை, முழுக்கால் பருத்தி பேன்ட், தோல் ஷூ, தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. லுங்கியும் செருப்புமாக நிற்காதீர்கள், நைலான் துணி சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும், தண்ணீர் வாளி கிட்டவே வேண்டாம். மாடிக் கதவைச் சாத்திவிடுங்கள், பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். சுட்டுக்கொண்டால் உடனே கீழே போய்க் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மை, நெய் எதையும் தடவக் கூடாது. தோலோடு ஒட்டிய உலோகத்தை நீங்களே பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

உருக்க கனமான இரும்புச் சட்டியோ துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணமோ போதும். அதை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. மெல்லிய தகர டப்பா வேண்டவே வேண்டாம், ஒட்டு விட்டுவிடும். சூட்டை அளக்க துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், பளபளக்கும் உலோகத்தில் அது உண்மையைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும், நீங்களும் சூட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள். மல்டிமீட்டரில் மாட்டும் கே டைப் கம்பியை, அதாவது சூட்டை அளக்கும் கம்பியை, உள்ளே விட்டுப் பாருங்கள், 280லிருந்து 310 டிகிரிக்குள் இருந்தால் நன்றாக ஓடும்.

மேலே மிதக்கும் கசடை ஒதுக்கி, கரண்டியில் ஒரு குழிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே மொண்டு, முள் வைத்து மூடிய அச்சில் நடுவில் நிறுத்தாமல் ஒரே தாரையாக ஊற்ற வேண்டும். நிறுத்தி ஊற்றினால் இரண்டு அடுக்காக உறைந்து நடுவில் கோடு விழும். முதலில் வருபவை சுருக்கம் சுருக்கமாகத்தான் இருக்கும், அச்சு இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், முள்ளைக் கழற்றிக்கொண்டு மற்றதைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். அச்சு சூடேறியதும் வழவழவென்று வரத் தொடங்கும், அந்த வேகத்தை விடாமல் ஊற்றிக்கொண்டே போங்கள். ஓரத்தில் பிசிறு அதிகமாக வந்தாலோ, காம்பு உறைய நேரம் எடுத்தாலோ, அச்சு சூடு மிஞ்சிவிட்டது, கொஞ்சம் திறந்து வையுங்கள். தண்ணீரில் முக்கி ஆற்றாதீர்கள்.

வார்த்தவை ஆறினதும் அன்றைய வேலை முடிந்தது. காம்பு வெட்டுவதும் பிசிறை அரத்தால் தேய்ப்பதும் வேறொரு ராத்திரிக்கு.

அப்புறம் மேல்பூச்சு. நெயில் பாலிஷ் பாறையில் பட்டதும் உரிந்துவிடும், பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, நிற்கும். எபாக்ஸி பவுடரை ஒரு கிண்ணத்தில் கிளறிப் பொலபொலவென்று வைத்துக்கொண்டு, குறடால் முள்ளைப் பிடித்து, தலையை ஹாட் ஏர் கன்னில் சில விநாடி சூடாக்கி, பவுடரில் முக்கி உடனே எடுங்கள். மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். அதிகம் ஒட்டினால் சூடு அதிகம். இந்த நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பவுடர் மூக்குக்குள் போகக் கூடாது. பூச்சு இளகியிருக்கும்போதே முள்ளின் கண்ணை ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும், காய்ந்த பிறகு பெரிய அவஸ்தை. இதோடு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் சுட்டாலும் பரவாயில்லை.

சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய ஓடிஜி மின் அடுப்பில் கம்பியில் தொங்கவிட்டு, பவுடர் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில் சுட வேண்டும், 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிஷம் என்பது வழக்கமான கணக்கு. அடுப்புக் குமிழில் எழுதியிருப்பதை நம்பாமல் உள்ளே தனி தெர்மாமீட்டர் வையுங்கள், 220க்கு மேல் ஏறவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஏறினால் தலை முழுவதும் சொட்டிக் கீழே கிடக்கும். கனம் கூட வேண்டும் என்று பிஸ்மத் என்ற உலோகம் கலந்த வெள்ளீயம் வாங்கியிருந்தால் இந்தப் பூச்சே வேண்டாம், 58 பங்கு பிஸ்மத்துக்கு 42 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை 139 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்குக் காற்றில் தானே காயும் ஏர் ட்ரை எனாமல்தான்.

ஆறினதும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உரிந்தால் இன்னும் பத்து நிமிஷம் அடுப்பில் விடுங்கள். எடை வாரியாகப் பிரித்து டப்பாவில் போடுங்கள், எடையை வெளியே எழுதிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டு வந்ததை மட்டும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் அதே டப்பாவில் திரும்பப் போடாதீர்கள், ஒரு முள்ளின் துரு மொத்தத்துக்கும் ஏறிவிடும்.