கிரிப்டோவை அன்றாடப் பணமாக்கப் புறப்படுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடுகளில் கிரிப்டோவைக் கடைத்தெருப் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று புதிது புதிதாகக் குழுக்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. அவர்களுடைய திட்ட வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வதுதான் இப்போது என் வேலையில் பெரும்பகுதி. ஆப்பின் பெயரும் நிறமும் மாறுகின்றன, வழுக்கி விழும் இடம் மட்டும் மாறுவதில்லை. இதே முயற்சியில் முன்பு இறங்கிய நாங்கள் விழுந்து எழுந்த அதே இடங்கள்தான்.

சீட் பிரேஸை (காயின்களைத் திறக்கும் ரகசியச் சொல்வரிசையை) யாரிடமும் சொல்லாதே, பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவனை நம்பாதே போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வாலட் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வது

எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கியது. 'சிவோ' என்ற அரசு வாலட்டை (காயினை வைத்துச் செலவழிக்கும் ஆப்பை) இறக்கியவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். கடைக்காரர்கள் மறுக்கக் கூடாது என்று சட்டமே சொன்னது. இதைவிடப் பெரிய தள்ளுவிசை எந்தத் திட்டத்துக்கும் கிடைக்காது. இறக்கியவர்களின் எண்ணிக்கையும் எகிறியது. ஆனால் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் வீடுவீடாக விசாரித்தபோது, பெரும்பாலானோர் 30 டாலரைச் செலவழித்ததோடு சிவோவைத் திறப்பதை நிறுத்திவிட்டது தெரிந்தது. மக்கள் கையில் 2001 முதல் டாலர் இருக்கிறது, அதற்கு மேல் பிட்காயின் அவர்களுக்கு என்ன தந்தது என்பதற்குப் பதில் இல்லை. சர்வதேச நாணய நிதியத்துடன் போட்ட 140 கோடி டாலர் கடன் ஒப்பந்தத்தையொட்டி 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, வாங்குவதும் மறுப்பதும் கடைக்காரர் விருப்பம் என்றாக்கினார்கள்.

நைஜீரியாவின் இ-நைரா கிரிப்டோ ஆகாது, அது மத்திய வங்கியின் டிஜிட்டல் பணம். ஆனால் பாடம் ஒன்றுதான். 2021 அக்டோபரில் வந்தது. எந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாலும் 98.5 சதவீத வாலட்கள் தூங்கிக்கொண்டிருந்ததாக நாணய நிதியத்தின் ஆய்வுத்தாள் ஒன்று சொன்னது.

ஆகவே என்னிடம் பதிவிறக்கக் கணக்கைக் காட்டாதீர்கள். சலுகை தீர்ந்தபின் ஒருவர் தன் சொந்தக் காசில் இரண்டாம் முறை செலுத்தினாரா? அந்த எண்ணைக் காட்டுங்கள்.

விலை ஏற்ற இறக்கத்தைக் கடைக்காரர் தலையில் கட்டுவது

2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது. அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே. சில்லறைக் கடையின் லாப விகிதம் என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.

கைக்காசாக மாறும் இடத்தை மறப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது. எல்லா வரைவுகளிலும் ஒரே ஸ்லைடு இருக்கும். இடது பக்கம்: வெளிநாட்டிலிருந்து 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல், உலக வங்கிக் கணக்கு. வலது பக்கம்: ஸ்டேபிள்காயினில் (டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி வடிவமைத்த கிரிப்டோவில்) சில சென்ட், சில நொடி. நடுவில் ஒரு பெரிய அம்புக்குறி.

இடது பக்கத்து 6 சதவீதத்தில் எல்லாம் அடக்கம்: பணத்தை வாங்கும் கவுன்ட்டர், அடையாளச் சரிபார்ப்பு, நாணய மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் லாபம், மறுமுனையில் ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கும் ஆள். வலது பக்கத்தில் இருப்பது, பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுப் பேரேடான பிளாக்செயினின் கட்டணம் மட்டும். வீடு மாற்றுகிறவர் லாரி வாடகையை மட்டும் சொல்லி, ஏற்றுகூலி இறக்குகூலியை விட்டுவிடுவது போல. (அந்தச் 'சில சென்ட்'டும் எப்போதும் உண்மையில்லை. ட்ரான் என்ற பிளாக்செயினில் யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினை அனுப்ப ஒரு டாலருக்கு மேல் பிடுங்கிய நாட்கள் உண்டு.)

நான் இருந்த ஒரு சோதனை முயற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் வெளிநாட்டில். மனைவியின் வாலட்டுக்கு 200 யுஎஸ்டிடி வந்துவிட்டது, நொடிகளில்தான். சரி, அப்புறம்? வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் உள்ளூர்ப் பணத்தில். காயினை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்யப் போனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் தந்தை பெயர் சேர்ந்த இன்னொரு பெயர். அதைச் சரிசெய்யவே சில நாட்கள் போயின. பிறகு பியர்-டு-பியர் பகுதி, அதாவது பயனாளிகளே விளம்பரம் போட்டுத் தங்களுக்குள் காயினை வாங்கி விற்கும் இடம். நல்ல விலை தருகிற விளம்பரங்களில் எல்லாம் குறைந்தபட்சத் தொகை 200-ஐவிடப் பெரிது, சின்னத் தொகையை வாங்குகிறவர்கள் தரும் விலையோ மட்டம். அந்த வித்தியாசத்திலேயே மிச்சப்படுத்தியதாகச் சொன்ன கட்டணத்தில் பெரும்பகுதி போயிற்று. ஒரு விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார். எக்ஸ்சேஞ்ச் காயினைப் பிடித்து வைத்தது, அவர் கணக்கில் பணமும் வந்தது. அனுப்பியவர் பெயர் விளம்பரதாரர் பெயராக இல்லை. 'தம்பி கணக்கிலிருந்து போட்டேன்' என்று சாட்டில் ஒரு வரி. இவர் காயினை அந்த ஆளுக்குத் தரும் 'விடுவி' பொத்தானை அழுத்திவிட்டார்.

சில நாட்களில் வங்கிக் கணக்கு முடங்கியது. வந்த பணம் யாரிடமோ மோசடி செய்து பறித்தது, பறிகொடுத்தவர் புகார் கொடுத்திருக்கிறார். காயினும் போயிற்று, பணத்தையும் எடுக்க முடியவில்லை. அதே கணக்கில் இருந்த பழைய சேமிப்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது குழுவிலிருந்து வந்த பதில்: "அது நம்ம ஆப்புக்கு வெளியே நடந்தது." வேறு வேறு குழுக்களிடம் இதே வாக்கியத்தை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாடகை கட்ட முடியாத பெண்ணுக்கு உங்கள் ஆப்பின் எல்லைக்கோடு எங்கே இருந்தால் என்ன?

கடைக்காரர் பக்கமும் இதே கதைதான். பகலெல்லாம் ட்ரானில் யுஎஸ்டிடி வாங்குகிறார். சாயங்காலம் மொத்த வியாபாரிக்கு அனுப்பப் பார்த்தால் போகவில்லை. கட்டணம் கட்ட டிஆர்எக்ஸ் என்ற வேறொரு காயின் வேண்டும், அது அவரிடம் இல்லை. "என் பணத்தை நான் எடுக்க இன்னொரு பணம் வாங்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டணத்தை நாமே ஏற்றுக்கொள்ளத் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு யார் காசு என்ற வரி பெரும்பாலான வரவுசெலவுத் திட்டங்களில் காலியாகக் கிடக்கும்.

கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவையை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், ஆனால் போனை மட்டும் பார்க்கிறார்கள். அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஏஜென்ட்டுகள். போனுக்கு ரீசார்ஜ் விற்றுக்கொண்டிருந்த சின்னக் கடைகளே பணம் போடவும் எடுக்கவுமான இடங்களாயின. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வேண்டும், கல்லாவில் ரொக்கமும் போனில் இருப்பும் இரண்டும் தீராமல் இருக்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வருவார்கள். மதியத்துக்குள் கல்லா காலியானால், ரொக்கத்தை யார், எங்கிருந்து, எதில் வைத்துக் கொண்டுவருவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற கிரிப்டோ வரைவு கையில் கிடைத்தால் அன்று எனக்கு நல்ல நாள்.

நன்றாக ஓடும் இடங்களும் உண்டு. அர்ஜென்டினாவில் 2023-இன் பணவீக்கம் 211 சதவீதம். அப்போது அங்கே சம்பளம் வந்ததும் ஸ்டேபிள்காயினாக மாற்றி வைப்பது புத்திசாலித்தனமாக இருந்தது. ஆனால் அந்நாட்டு மக்கள் பல காலமாகவே காகித டாலரைப் பதுக்கிப் பழகியவர்கள், 'குவேவா' எனப்படும் அனுமதியில்லா மாற்றுக்கடைகள் ஏற்கெனவே இருந்தன. காயினைக் கொடுத்து பெசோவை வாங்குவதற்கான வாசல் முதலிலேயே திறந்திருந்தது, காயின் பின்னால் வந்தது. நம் ஆட்கள் காயினை முதலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசலைத் தேடுகிறார்கள்.

ஆகவே வரைவைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள். ரொக்கம் ஒருவர் கைக்கு வரும் இடத்தில் ஆரம்பித்து, அந்தப் படியின் செலவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வாருங்கள். சின்னத் தொகையில், மாதத் தொடக்கத்தில், குழுவில் இல்லாத ஒருவரை வைத்துச் சோதியுங்கள்.

எல்லா ஸ்டேபிள்காயினும் ஒன்றே என்று நினைப்பது

டெர்ராவின் யுஎஸ்டி (UST) என்ற ஸ்டேபிள்காயின் 2022 மே மாதத்தில் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. டாலர் கையிருப்புடன் இயங்கும் யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினும்கூட, அதன் பணத்தில் ஒரு பகுதி சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியபோது, 2023 மார்ச்சில் ஒரு வார இறுதியில் 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கி மீண்டது. கடன் வாங்கிச் சரக்கெடுக்கிற கடைக்காரருக்கு அந்த வார இறுதி மிக நீளம். காயினை வெளியிட்டவர் நினைத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும் என்பதையும் பயனாளியிடம் சொல்லுங்கள். யாரும் சொல்வதில்லை.

முகவரியின் தலையையும் வாலையும் மட்டும் பார்ப்பது

காயின் அனுப்பும் முகவரி ஒரு நீண்ட எழுத்து-எண் வரிசை. அதன் நடுவையும் பாருங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்கவே கூடாது, அங்கேதான் மோசடிக்காரர்கள் தலையும் வாலும் ஒத்த தங்கள் முகவரியை விதைத்துவிட்டுப் போகிறார்கள்.

இன்றைய சட்டத்தை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடுவது

நைஜீரிய மத்திய வங்கி 2021 பிப்ரவரியில் கிரிப்டோ தொடர்பான கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வியாபாரம் நிற்கவில்லை, பியர்-டு-பியருக்கு நகர்ந்தது, கூடவே மேலே சொன்ன ஆபத்துகளும் பெருகின. 2023 டிசம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அடுத்த சில மாதங்களில் நைரா சரிந்ததும் எக்ஸ்சேஞ்சுகள்மேல் மறுபடி பாய்ந்தார்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசோ 2022 ஏப்ரலில் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கி, அடுத்த ஆண்டே கைவிட்டது.

வங்கி நாளைக்கே உங்கள் கணக்கை மூடினால் பயனாளிகளின் இருப்பு அந்த நிமிடம் யார் பெயரில் இருக்கும், எத்தனை நாளில், எந்த வழியாக அவர்களுக்குத் திரும்பும்? வரைவில் இதற்கு ஒரு பக்கம் வேண்டும். ஏஜென்ட்டிடம் பாதியில் நிற்கும் பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து.